அறுபத்து மூன்றாவது குப்பி

குழாய்த் தண்ணீரை இரண்டு நாள் சும்மா வைக்க வேண்டும்,
குளோரின் நெடி அடங்கும்வரை.
அது திங்கட்கிழமை.
செவ்வாய், மாட்டு ஈரல் நறுக்குவது.
மற்ற நாளெல்லாம் தபால்.

டண்டீ நகர மருத்துவமனையின் நிலவறைக்குத்
தபாலில் பெண்கள் வந்து சேர்வார்கள்:
இருமல் மருந்துக் குப்பியில், ஜாம் சாடியில்,
ஒருமுறை விஸ்கி பாட்டிலில், கால்வாசி.
விடிந்ததும் முதல் நீர்.
பெயர் கூடாது, எண்தான்.
ஆனால் சணல் ஆலைத் தெருக்களிலிருந்து வருபவை
சுற்றிய காகிதத்திலேயே எண்ணெய் நாறும்.

தவளைகள் கப்பலில் வந்தவை, கேப் டவுனிலிருந்து.
எல்லாம் பெண்.
நாக்கு கிடையாது இவற்றுக்கு.
ஈரல் துண்டை இரண்டு கையாலும் வாய்க்குள் தள்ளும்,
சங்கு ஊதுவதற்குள் தின்று முடிக்கும் ஆலைக்காரியாய்.
இமையும் கிடையாது.
உச்சந்தலைக் கண், எந்நேரமும் மேல்நோக்கி.
பின்னங்கால் விரல் மூன்றில் மட்டும் கறுத்த நகம்.
விலா நெடுக வெள்ளைத் தையல்:
மூட்டை தைக்கும் ஊர்க்காரி நான்,
முதல் நாள் யாரோ கிழித்துத் தைத்ததென்றே நினைத்தேன்.
அந்தத் தையலால்தான் தண்ணீரின் நடுக்கத்தைக் கேட்கின்றன.
நான் தொட்டியைத் தொடுமுன்
திரும்பியிருக்கும் நாற்பது முகம்.

தோல் உடம்போடு ஒட்டாது.
இரவல் மேலங்கிபோல் தொளதொளக்கும்,
அடியில் நிணநீர் தேங்கிய பைகள்.
தொடையில் ஊசியை நுழைத்து
ஒரு தடுப்பைத் தாண்டி
முதுகுப் பைக்குள் இறக்க வேண்டும்; அப்போதுதான் ஒழுகாது.
எவளோ ஒருத்தியின் வயிற்றில்
வேர் பிடித்தது எழுதிய சேதி
இன்னொருத்தியின் முதுகில் இறங்கும்.
சூலகத்தில் ஆயிரக்கணக்கில் காத்திருக்கின்றன.
இந்தக் குளிர் தொட்டியில் தாமாக ஒன்றும் வராது.
சேதி வந்தால்
இரவு கழிவதற்குள் ஜாடியின் அடியில் கடுகு.
மேலே கறுப்பு, கீழே வெளுப்பு.
ஐந்துக்கு மேல் என்றால், ஆம்.

வியாழன் மாலை
திருமதி கின்னெயர் கோட்டை மாட்டிக்கொண்டு படியேறியதும்
கைப்பையிலிருந்து வெனிலா எசன்ஸ் குப்பியை எடுத்தேன்.
பதிவேட்டில் அறுபத்திரண்டுக்குக் கீழே
அறுபத்து மூன்று.
டாக்டர் பெயர்க் கட்டத்தில் ஒரு கிறுக்கல்;
டாக்டர்கள் அப்படித்தானே எழுதுவார்கள்.

மாதிரி ஒன்றுக்குத் தவளை இரண்டு.
பதினேழையும் முப்பத்தெட்டையும் பிடித்தேன்.
பதினேழு வழுக்கித் தரையில் விழுந்து
அலமாரிக்கடியில் போய்விட்டது.
முழந்தாளிட்டுத் துழாவினேன்.
மண்டியிட்டது மண்டியிட்டபடி
சற்று நேரம் இருந்தேன்.

ரோரி செப்டம்பரில் கப்பலேறினான்,
தெற்குக் கடலுக்கு, திமிங்கல வேட்டைக்கு.
இது பிப்ரவரிக் கடைசி.
நாள் தள்ளி மூன்று வாரம்.
இந்தக் கணக்குக்குத் தவளை தேவையில்லை.

காலையில்
பதினேழின் ஜாடியில் தண்ணீர் தெளிவு.
உரிந்த தன் தோலைக் காலுறைபோல் இழுத்து இழுத்துத்
தானே தின்றுகொண்டிருந்தது,
தடயம் வைக்காமல்.

முப்பத்தெட்டு ஓரமாய் ஒதுங்கிக் கிடந்தது.
எண்ணினேன். ஜாடியைத் திருப்பி
வெளிச்சத்தில் எண்ணினேன்.
ஒன்பது.

அச்சடித்த குறிப்பு சுவரில் தொங்குகிறது, என் கையால் அடித்த ஆணியில்:
'இல்லை' என்பதில் தவளை தவறக்கூடும்;
'ஆம்' என்பதில் அநேகமாகத் தவறாது.

ஒன்பதையும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்தேன்.
ஒன்று மட்டும் சல்லடையில் ஒட்டிக்கொண்டது.
விரலால் தள்ளினேன்.
முப்பத்தெட்டுக்கு ஒரு மாதம் ஓய்வு என்று சீட்டு எழுதினேன்.

'அறுபத்து மூன்றுக்குப் பதில் உறை காணோமே'
என்றாள் திருமதி கின்னெயர்,
பதிவேட்டை விட்டுத் தலை தூக்காமல்.
தேடுகிறேன் என்றேன்.

மாலையில் என் மேசைமேல்
வெனிலா குப்பி இருந்தது.
கழுவி, சுத்தத் துணியில்
கவிழ்த்து வைத்திருந்தது.