சனிக்கிழமை எத்தனை பேர்

போன மேட்சுக்கு அறுபத்தியொன்று.
நான்தான் எண்ணினேன், கேலரியின் ஆறாவது படியில் நின்று.
கரும்புச்சாறுக்காரரும் அதில் சேர்த்தி.
ரெஃப்ரியின் மச்சானை விட்டுவிட்டேன்,
அவர் போனைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

வர்ற சனிக்கிழமை நாமக்கல்காரர்கள் வருகிறார்கள்.
நாலு வருஷம் கழித்து நம் மண்ணில் ஒரு அரையிறுதி.
அஸ்தம்பட்டி தள்ளுவண்டியில்
நாலு தட்டுவடை செட்டு சொல்லிவிட்டு நிற்கிறோம்.
பீட்ரூட் சாறு விரலில் வடிய
இம்தியாஸ் கணக்குப் போடுகிறான்.
"ஹாஸ்டல்ல நூத்தியிருபது.
அதுல ஊருக்குப் போறவன் எழுபது.
மிச்சத்துல துணி துவைக்கிறவன் முப்பது."
"துவைச்சுட்டு வரட்டுமே" என்கிறாள் ஜெசிந்தா.
"காயப்போட்டா காவல் இருக்கணும்.
போன வாரம் என் ஜெர்ஸியே போச்சு."

திங்கட்கிழமை காமர்ஸுக்கு இன்டர்னல்.
ஓமலூர்க்காரர்களுக்குப் பஸ் பயம்.
மூணு மணிக்குச் சேர்வராயன் தலையில்
ஒரு மேகம் வந்து உட்கார்ந்தால் போதும்,
மேலே ஏற்காட்டில் தூறுவதற்குள்
கீழே கன்னங்குறிச்சியில் குடை விரித்துவிடுவார்கள்.

நடிகர் வருகிறார் என்று புரளி கிளப்பலாமா
என்கிறான் சித்தேஸ்வரன்.
போன வருஷம் கிளப்பினோம்.
இடைவேளை வரை தேடிப் பார்த்துவிட்டு
இருநூறு பேரும் எழுந்து போனார்கள்.
இரண்டாம் பாதியில் விழுந்த மூன்று கோலையும்
காலி படிகள்தான் பார்த்தன.

நூறு தலை காட்டுங்க,
ஃப்ளட்லைட்டுக்கு நான் கையெழுத்து வாங்கறேன்
என்று பி.டி. மேடம் சொல்லியிருக்கிறார்.
எண்ணூறு பேர் உட்காரக் கட்டிய கேலரி அது.
நூறு பேர் வந்தாலும்
பொரித்தட்டில் கடலை மாதிரி அங்கங்கேதான் தெரியும்.

எனக்கு வேறொரு கவலை.
லேபில் ஒருநாள் பிப்பெட்டைக் கழுவிக்கொண்டே
கோல்கீப்பர் மாதையன் சொன்னான்:
"நீங்க கத்துறது எனக்குக் கேக்கறதேயில்ல.
என் பின்னாடி ஒரு எருமைதான் நிக்குது.
அது யார் பக்கம்னும் தெரியல."

"நாம நாலு பேரும் கோல் போஸ்டுக்குப் பின்னாடி போயிடலாம்"
என்றேன்.
"அங்கிருந்து அந்தப் பக்கத்து கோல் தெரியாதே?"
"விழுந்தா கேலரி கத்தும்ல."
"அறுபது பேர் கத்தினா
அவ்வளவு தூரம் கேக்குமா?"
யாரும் பதில் சொல்லவில்லை.
வடை நொறுங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

கேரட் துருவிக்கொண்டிருந்த பெரியண்ணன் தலை தூக்கினார்.
"டிக்கெட் எவ்வளவு?"
"ஃப்ரீதாங்கண்ணா."
"அதான்."
"என்னங்கண்ணா அதான்?"
"சும்மா வான்னா எவன் வருவான்?
பத்து ரூவா போடு, கேட்டுல ஒரு ஆளை நிறுத்து.
சுவரு ஏறிக் குதிச்சே முந்நூறு பேர் வருவான்.
நான் உட்பட."

சிரித்தோம். பிறகு சிரிக்கவில்லை.
எண்ணெய் பட்ட பேப்பரின் பின்பக்கம்
பந்தயம் எழுதினாள் ஜெசிந்தா, தோற்றவருக்கு இருபது செட்டு செலவு.
இம்தியாஸ் நூற்றி நாற்பது.
சித்தேஸ்வரன் முப்பத்தெட்டு,
அவனுக்கு எப்போதும் அப்படித்தான் வாய்.
ஜெசிந்தா தொண்ணூற்றொன்பது என்று எழுதி
மேடம் ஒன்றுக்காக அலையட்டும் என்றாள்.
நான் எண்ணைச் சொல்லாமல் பேப்பரை மடித்தேன்.
எண்ணுகிறவள் பந்தயம் கட்டக்கூடாது.

திரும்பும் வழியில் மலைப்பாதை விளக்குகள்
வளைவுக்கு வளைவு எரிந்துகொண்டிருந்தன.
மேகம் இல்லை, இன்றைக்கு இல்லை.
மைதானத்துப் பின்சுவர் ஓரமாகத்தான் நடந்தோம்.
யாரும் பேசவில்லை, ஆனால்
நாலு பேருமே அதன் உயரத்தைப் பார்த்தோம்.
என் தோள் அளவுதான் இருக்கும்.
நடுவில் ஒரு செங்கல் பெயர்ந்திருந்தது,
கால் வைக்க வாகாக.