எண்பதா, நூறா

சத்துவாச்சாரியில் கடைசி மணி அடித்ததும்
இரும்புக் கதவு ஒரு ஆள் அகலத்துக்குத்தான் திறந்தது.
ஒவ்வொருவராக வெயிலில் கொட்டினோம்,
கக்கத்தில் வினாத்தாள்,
கையில் லேபிள் கிழித்த காலி பாட்டில்.

தணிகைவேலின் முழுக்கைச் சட்டையை
வாசல் சோதனையிலேயே கத்தரித்திருந்தார்கள்.
ஒரு கை முட்டிக்கு மேலே, ஒரு கை கீழே.
நூல் தொங்க அவன்தான் முதலில் கேட்டான்:
"படகுக் கணக்கு இன்னா போட்ட?"

ஷாஹிதா காதில் வாங்காமல்
வேப்பங்குச்சி தேடிக்கொண்டிருந்தாள்.
தோடு கழற்றிய துளை தூர்ந்துவிடுமாம்.
அதுக்குள்ளயா தூரும் என்றால்
"உயிரியல்ல அது வரலடி" என்கிறாள்.

குடியாத்தம் வண்டி. கடைசி நீள இருக்கை.
கம்பியைத் தொட்டால் கை சுடுகிறது.
நானூறு மீட்டர் அகல ஆறு,
நீரோட்டம் நொடிக்கு மூன்று,
படகு ஐந்து.
பியூலா நூறு நொடி.
தணிகைவேல் எண்பது.
முன் இருக்கையிலிருந்து
முகம் தெரியாத கே.வி.குப்பத்துப் பையன் திரும்பி
எண்பதுக்கு ஒரு ஓட்டுப் போட்டான்.
"மூணு நாலு அஞ்சு முக்கோணம்டா,
கண்ண மூடினு போடலாம்."
"நேரா வுட்டா நானூற அஞ்சால வகு,
அஞ்சாங்கிளாஸ் பசங்க போடுவாங்க."
இன்னும் யாரு டிக்கெட் எடுக்கல
என்று நடத்துநர் கேட்க,
"எண்பது" என்றான் அவன்.

பிறகுதான் தாளைப் பிரித்தார்கள்.
பியூலாவின் விரல் ஆங்கிலப் பக்கத்தில்:
மிகக் குறுகிய பாதையில் கடக்க.
தணிகைவேலின் விரல் தமிழ்ப் பக்கத்தில்:
மிகக் குறுகிய நேரத்தில் கடக்க.
ஒரே கேள்வி எண். ஒரே படம்.

முன்னட்டையில் பொடி எழுத்து:
மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால்
ஆங்கிலமே இறுதி.

இருபது நொடி முன்பே கரையேறியவன்.
அந்தக் கரைக்கு மதிப்பெண் இல்லை.
"நாலு போச்சு, ஒண்ணு தண்டம், அஞ்சு"
என்று அவனே கூட்டிச் சொன்னான்.
கூட்டலில் அவன் என்றைக்கும் தப்பியதில்லை.

என்னைக் கேட்டார்கள்.
நூறு என்றேன்.
பொய்.
நான் இரண்டு பக்கமும் படித்தவள்.
இரண்டு ஆறு தெரிந்தது,
இரண்டுக்கும் விடை தெரிந்தது.
நான்கு வட்டத்தையும் வெள்ளையாக விட்டு
பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.
தெரிந்து எழுதிய அவனைவிட
தெரிந்தும் எழுதாத நான்
ஒரு மதிப்பெண் அதிகம்.

வண்டி பாலாற்றுப் பாலம் ஏறியது.
இந்தச் சண்டையில் சேராத ஷாஹிதா
ஜன்னல் பக்கம் திரும்பி எண்ண ஆரம்பித்தாள்,
ஒண்ணு, ரெண்டு, மூணு.
கீழே மணல், சீமைக்கருவேலம்,
கல் அடுக்கிய விக்கெட்,
ஓரமாக ஒரு முழம் சாக்கடை.
நீரோட்டம் சுழியம்.
படகு கிடையாது.
முன்னால் ஒரு கரும்பு டிராக்டர் முக்கிக்கொண்டிருந்தது.
எண்பதில் தணிகைவேல் எட்டிப் பார்த்தான்,
நடுப்பாலம்.
நூறில் பியூலா,
அதே விளக்குக் கம்பம்.
இருநூற்றுப் பன்னிரண்டில் விருதம்பட்டு.
"ரெண்டு பேரும் தப்பு" என்றாள் ஷாஹிதா
குச்சியைக் காதில் செருகியபடி.

யார் முதலில் சிரித்தது, தெரியாது.
முன் இருக்கைப் பையன்கூடச் சிரித்தான்.
தணிகைவேல் சிரிக்கவில்லை என்பதை
காட்பாடி தாண்டித்தான் கவனித்தேன்.
சட்டைக்கையில் தொங்கிய நூலை
விரலில் சுற்றிச் சுற்றி இழுத்துக்கொண்டிருந்தான்.
வந்துகொண்டே இருந்தது.

லத்தேரியில் இறங்கியவன்
வினாத்தாளை இருக்கையிலேயே விட்டிருந்தான்.
எடுத்துப் பார்த்தேன்.
முப்பத்தெட்டாம் கேள்வியின் ஓரத்தில்
ஒரு சின்னப் படகு.
கணக்கில் கேட்காத துடுப்பையும்
அதற்குப் போட்டிருந்தான்.