ஊர் தூங்குகிறது

சீட்டுகளைக் கிழித்தது நான்தான்.
பீட்சா பெட்டியின் மூடியில் ஒன்பது துண்டு,
இரண்டில் மட்டும் ஒரு புள்ளி.

பொம்மனஹள்ளி, ஆறாவது மாடி.
மழை விட்டு அரைமணி ஆகியும் கரண்ட் வரவில்லை,
ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டும் உழைத்தது.
கீழே ஓசூர் ரோடு
ஹாரனை அழுத்திக்கொண்டே நின்றது.
போன் டார்ச்சின் மேல்
தண்ணீர் பாட்டிலை நிறுத்தினான் பிரஜ்வல்.
அறை மீன்தொட்டி ஆனது.

"ஊர் தூங்குகிறது" என்றேன்.
என் டீமில் ஒன்பது பேரும் கண்ணை மூடினார்கள்,
நான் சொன்னேன் என்பதற்காக.
"கொலைகாரர்கள் விழிக்கலாம்."
ஜெசிந்தா விழித்தாள். திரவியம் விழித்தான்.
இரண்டு விரல்களும் எழிலியிடம் போய் நின்றன.

காலையில் எழிலி இல்லை.
"அடப்பாவிங்களா, கோக் கூட இன்னும் குடிக்கலையே"
என்று சுவரோரம் நகர்ந்து
செத்துப்போய் உட்கார்ந்தாள்.
செத்தவர்கள் பேசக்கூடாது.
கண்ணை மட்டும் மூட வேண்டியதில்லை.

நவ்ஷாத் நிதானமாக ஆரம்பித்தான்.
யார் முதலில் பெயரைச் சொன்னது,
யார் அதைப் பிடித்துக்கொண்டு ஏறியது,
யார் கை எண்ணி முடிக்கப்போகும் நேரத்தில் உயர்ந்தது.
"எழிலி போனதும் ஜெசிந்தா ஐயோன்னா.
அந்த ஐயோ அரை நொடி முன்னாடியே வந்துடுச்சு."
எல்லோரும் சிரித்தார்கள். அரை நொடியாம்!
ஜெசிந்தாதான் அதிகம் சிரித்தாள்.
ஆபீசில் வாயே திறக்காத திரவியம்
அன்றைக்கு ஒவ்வொருவர் டம்ளரிலும்
தண்ணீர் ஊற்றினான், கேட்காமலே.
அதை யாரும் பார்க்கவில்லை.

மாட்டியது மாதேஷ்.
நான் இல்ல, சத்தியமா நான் இல்ல,
அப்பன் குதிருக்குள் இல்லை என்கிற பிள்ளை மாதிரி
கழுத்து வேர்க்க, மூன்று தடவை.
நல்ல செய்தி சொல்லும்போதும் குரல் நடுங்கும் ஆள்.
நாலு வருஷமாகத் தெரியும் எனக்கு.
ஏழு கை உயர்ந்தது.
சீட்டைப் பிரித்தால் வெறும் அட்டை,
கொஞ்சம் எண்ணெய்க் கறை.

சொல்லியிருக்கலாம்தான்.
ஆட்டத்தை நடத்துகிறவனுக்கு ஓட்டு கிடையாது.
இதே வாக்கியத்தை
செவ்வாய்க்கிழமை ஒரு மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து
படிக்கட்டில் நின்று
எனக்கே சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் இரவு.
மூடிய கண்களை இவ்வளவு நேரம்
நான் எப்போதும் பார்த்ததில்லை.
ஒருத்திக்கு இமை துடித்தது.
பிரஜ்வல் நிஜமாகவே தூங்கிவிட்டான், பாவம்.
என் தொடைக்கடியில் போன் அதிர்ந்தது:
*திங்கள் பத்தரை. மூன்று பேருக்கும் தனித்தனி அழைப்பு.
அதுவரை வெளியே போகக்கூடாது.*
கவிழ்த்து வைத்தேன்.
கவிழ்த்துவிட்டு, அந்த வட்டத்தில்
ஒவ்வொரு முகமாக
ஒன்று, இரண்டு என்று...

நிமிர்ந்தபோது எழிலி பார்த்துக்கொண்டிருந்தாள்.
சுவரில் சாய்ந்தபடி, கையில் கோக்,
கண் இரண்டும் திறந்து.

ஆட்டத்தில் ஜெயித்தது கொலைகாரர்கள்.
"சொன்னேன்ல, அரை நொடி!" என்று
நவ்ஷாத் குதித்தான், செத்த பிறகு.
மாதேஷை எல்லோரும் முதுகில் தட்டினார்கள்,
மன்னிச்சுக்கடா, உன் மூஞ்சி அப்படி.
அவனும் சிரித்தான், துப்பட்டியில்லாக் குளிரில்
வேர்த்த சட்டையோடு.

எழிலி கடைசியாகக் கிளம்பினாள்.
ஷூ லேசைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:
"எப்பவும் பில்லைப் பத்தாப் பிரிச்சு
பைசா சுத்தமா அனுப்புவீங்களே?"
"ஆமா."
"இன்னைக்கு அனுப்பலை."
"சும்மா... என் கணக்குல இருக்கட்டும்."
"ஓ" என்றாள்.

லிப்ட் ஏறி வந்துகொண்டிருந்தது.
மூன்று. நான்கு.
அவள் பெயர் அதில் இல்லை.
இல்லை என்று சொல்லலாமென்று வாய் வரை வந்தது.
சொன்னால்,
அது என்று ஒன்று இருப்பதாக ஆகிவிடும்.
ஐந்து.