அடிப்பிடித்த தண்ணீர்

இன்று வியாழன்.
எகர்சுன் துறைமுகத்தில்
உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருப்பார்கள்.
அன்சிராபேயில் நானும் துருவுகிறேன்,
கரி அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியபடி,
கட்டைவிரலில் தோல் போன இடம் எரிய.

கும்லேக்கு அளவு எதையும் அம்மா எழுதித் தரவில்லை.
"மாவு கையில் ஒட்டப் பார்க்கும், ஒட்டாது.
அப்போது நிறுத்து" என்றாள் போனில்.
ஜெபிப்பது எப்படி என்று சின்ன வயதில் கேட்டதற்கும்
ஏறக்குறைய இதைத்தான் சொன்னாள்.

பார்லி கிடைக்கவில்லை. மரவள்ளி மாவு போட்டேன்.
வுவாஹிரானா குழந்தைக்குப் பால் கொடுத்தபடி
என் அடுப்பைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
தண்ணீர் தளதளவென்று கொதித்தது.
பத்து உருண்டை போட்டேன்.
மூடியைத் திறந்தால் கஞ்சி.

நான் வந்து பதினெட்டு மாதம்.
யாரையும் மனம் திருப்பவில்லை.
திருப்ப இங்கே யார் மிச்சம்?
எங்கள் கடற்கரையிலிருந்து கப்பலேறியவர்கள்
வுவாஹிரானாவின் பாட்டனுக்குப் பாட்டனிடமே
செய்தியைச் சொல்லிவிட்டார்கள்.
இங்கே அது இன்னும் சூடாக இருக்கிறது.
சொன்னவர்கள் ஊரில்தான் ஆறிப்போயிற்று.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம்,
ஜன்னல் விளிம்பெல்லாம் குழந்தைகள்,
காணிக்கைக்குப் பால் டப்பாவில் அளந்த அரிசி.
எகர்சுன் கோயிலில் கடைசியாக எண்ணியபோது பதினொரு பேர்.
அதில் ஒருவர் ஆர்கன் வாசிப்பவர்,
அவருக்குச் சம்பளம் உண்டு.

மேசைமேல் மிஷன் சங்கத்தின் படிவம்.
இன்னும் மூன்று ஆண்டு தொடரச் சம்மதமா?
ஆம், ஒரு கட்டம். இல்லை, ஒரு கட்டம்.
கீழே 'காரணம்' என்று நீளமாய் ஒரு கோடு.
நாளைக்குள் அனுப்ப வேண்டும்.
மூன்று இரவு முழங்காலில் நின்று கேட்டேன்.
ஜூன் மாதக் குளிர், சிமெண்ட் தரை.
கால் மரத்துப்போனது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் குழந்தைகளை எடை போடும்போது
எதையும் கேட்கத் தோன்றுவதில்லை.
முள் நடுங்கி நிற்கும்வரை காத்திருக்கிறேன்,
எண்ணை எழுதுகிறேன், அடுத்த குழந்தை.
அதுதான் விசுவாசம் என்றால்
எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

"கொட்டிவிடட்டுமா?" என்றேன்.
"கொட்டுவதா?" என்றாள் வுவாஹிரானா.
குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள்.
இஞ்சி நசுக்கிப் போட்டாள், தக்காளி, ஒரு பிடி கீரை.
தட்டு நிறையச் சோறு,
மேலே என் தோற்றுப்போன வியாழக்கிழமை.
இங்கே சோறுதான் சாப்பாடு,
மற்றதெல்லாம் அதற்குத் துணை,
என் அம்மாவின் கும்லே உட்பட.
பெரியவன் மமிசுவா இரண்டாம் முறை கேட்டு வாங்கினான்.

"உன் அம்மா வீட்டில் இன்றைக்கு யார் யார் சாப்பிடுவார்கள்?"
அப்பா இல்லை என்றேன்.
அண்ணன் ஓஸ்முன் கடலுக்கு நடுவே, எண்ணெய்க் கிணற்றில்.
நான் இங்கே.
"எத்தனை செய்வாள்?"
பன்னிரண்டு.
எப்போதும் பன்னிரண்டு. ஆளுக்கு மூன்று.
அவள் மெல்வதை நிறுத்தினாள்.
வேறு எதுவும் கேட்கவில்லை.

மீந்ததை வெள்ளிக்கிழமை வெண்ணெயில் பொரிப்பாள்.
சனிக்கிழமையும் அதையே தின்பாள்.
எனக்குத் தெரிந்ததுதான்.
இதுவரை கணக்குப் போட்டதில்லை.

இது அழைப்பா, வெறும் பசியா,
பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.
கடவுளுக்காக வீட்டை விட்டவள்
ஒரு தட்டுக்காகத் திரும்பினால்
அதை எந்தப் பக்கத்தில் பற்று வைப்பார்கள்?
மடியில் இந்தக் குழந்தை வேறு,
போன மாதத்தைவிட இருநூறு கிராம் கூட.

வுவாஹிரானா சோற்றுப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றி
அடிப்பிடித்த பருக்கைகள்மேல் தண்ணீர் ஊற்றினாள்.
கருகல் கரைந்து தேன் நிறத்தில் கொதிக்கும்.
சாப்பாட்டுக்குப் பின் எல்லோரும் குடிப்பது அதைத்தான்.
வெள்ளித் தண்ணீர் என்று பெயர்.
வந்த புதிதில், பானை பாழாயிற்றென்று
தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன் ஒருநாள்.
அன்று யாருக்கும் குடிக்க ஒன்றுமில்லை.
யாரும் என்னைத் திட்டவுமில்லை.

குவளை கையைச் சுட்டது.
'இல்லை' கட்டத்தில் குறி போட்டேன்.
பேனா நடுங்கவில்லை, அதுதான் பயமாயிருந்தது.
கோட்டில் 'வியாழக்கிழமை' என்று எழுதி,
சங்கத்துக்காரர்களுக்குப் புரியாதென்று அடித்துவிட்டு,
'குடும்பம்' என்று எழுதினேன்.
பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

பானையில் இன்னும் கொஞ்சம் இருந்தது.
நீட்டு என்றாள் வுவாஹிரானா.
மாவு காய்ந்த கையோடு குவளையை நீட்டினேன்.