குடும்பப்பெயர்

குதைபியாவில் என் டைப்பிங் சென்டர்.
விசா, ரத்து, காணாமல் போன பாஸ்போர்ட்,
எதற்கும் ஒரு படிவம், ஒரு தினார்.
வெள்ளிக்கிழமைக்கு மட்டும் வேறு வேலை:
சல்மாபாத் பட்டறைகளுக்குப் பின்னால்
டயர் கோடவுனில் நடக்கும் மல்யுத்தத்துக்குப்
போஸ்டர் அடித்துக் கொடுப்பேன்.
பெயர் வைப்பதும் நான்தான்.

வழுதி வந்தபோது தொண்ணூற்றாறு கிலோ.
சித்ரா தீவில் சாரம் கட்டுகிறவன்.
"உன் பேரிலேயே இறங்கு" என்றேன்.
மைக் பிடித்த எகிப்துக்காரனின் பல்லில் பட்டு
ழகரம் உடைந்தது.
வலூதி, வதூலி, கடைசியில் வெறும் வா வா.
கூட்டம் சிரித்தது.
சிரித்துவிட்ட கூட்டத்தின் முன்
எவனும் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

பாலைவனப் புலி என்று மாற்றினேன்.
ஏற்கெனவே மூன்று புலிகள் இருந்தன.
மெட்ராஸ் மிஸைல்?
"மெட்ராஸை ஏர்போர்ட் போற வழியிலதாண்ணே பாத்தேன்."
சரி, பாந்தர்.
நம் பகரத்துக்கு இரண்டு குரல், அரபிக்கு ஒன்றுதான்.
பந்தர், பந்தர் என்று அவன் முழங்க
இந்திக்காரர்கள் குரங்கென்று கேட்டு
வாழைப்பழம் எறிந்தார்கள்.
பதினோரு வாரம். தோல்விக்கு எட்டு தினார்.

படிவத்தில் இரண்டாவது கட்டம் குடும்பப்பெயர்.
நமக்கு ஏது?
அப்பா பெயரை எழுதி நிரப்புகிறோம்.
விடிகாலை நாலரைக்கு கேம்ப் வாசலில்
பட்டியல் படிக்கிறவன் அதைத்தான் கூப்பிடுகிறான்.
இந்தத் தீவில் நாங்கள் எல்லோரும்
அப்பாக்களாகத்தான் வேலைக்குப் போகிறோம்.

பன்னிரண்டாம் வாரம்.
பட்டாணியன் அவன் மார்மேல் கிடந்தான்.
நடுவர் இரண்டு எண்ணிவிட்டார்.
பின்வரிசையில் டைம்கீப்பர் பிஷ்ணு, நேபாளி,
எரிச்சலில் அதே விடிகாலைக் குரலில்
"சங்கிலி! பஸ் போகுது!"

நாலு வருஷம் அந்தக் குரலுக்கு எழுந்த உடம்பு
எழுந்தது.

ஸ்கிரிப்டில் அது இல்லை.
முந்நூறு பேர் தகரத்தை உதைத்தார்கள்,
சங். கி. லி.
எவன் நாக்கும் இடறவில்லை.

அடுத்த வாரம் நாற்பது தினார்.
பழைய இரும்புக் கடையில்
நிஜச் சங்கிலி ஒன்று வாங்கி வெள்ளி அடித்தோம்.
முதலாளி யூசுப் கேட்டபடி
ஒப்பந்தம் டைப் செய்தேன். நகலுக்கு இருநூறு ஃபில்ஸ்.

விருதுநகரில் லாரி ஷெட் காவலுக்கிருக்கும்
அசல் சங்கிலி போனில் கேட்டாராம்:
"வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரையானா
டீ குடிக்கையில புரை ஏறுதுடா.
என்னைப் போயி யாரு நினைக்கா?"
வழுதி சொல்லவில்லை.
அப்பன் பெயரை அடிபட வைத்துத்தானே
அந்த வீட்டுக்குத் தளம் போட்டான்.

பிறகு முட்டி போனது.
ரத்துப் படிவத்தையும் நானே நிரப்பினேன்.
யூசுப் ஆறாவது ஷரத்தைக் காட்டினார்:
மேடைப்பெயர் கம்பெனிக்குச் சொந்தம்.

"சங்கிலிய வச்சுக்கச் சொல்லுங்கண்ணே.
பேரு எங்கப்பாவோடது."

என்ன சொல்கிறான் என்றார் யூசுப்.
முதல் பாதியை மட்டும் மொழிபெயர்த்தேன்.

இப்போது சங்கிலி, குஜ்ரன்வாலாக்காரன்.
நன்றாகத்தான் ஜெயிக்கிறான்.
கூட்டத்தில் பாதிப் பேர் புதுசு.
பிஷ்ணு வருவதில்லை.

நேற்று வழுதியின் வாய்ஸ் மெசேஜ்:
"அப்பாவுக்கு இன்னும் ஏறுதுண்ணே.
டாக்டர் ஒண்ணும் இல்லேங்கிறார்.
அங்க ஷோ இப்ப எத்தனை மணிக்கு?"

எட்டு என்று தட்டினேன்.
அழித்தேன்.
திரையின் மறுபக்கம் அடுத்த வாரப் போஸ்டர்,
எழுபத்திரண்டு புள்ளி எழுத்தில் அவர்.
நேரம் மட்டும் இன்னும் போடவில்லை.