பாலத்தில் பாதி

வேலணைக் கரையில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு
மூன்று பேரும் வானத்தைப் பார்க்கிறோம்.
ஒரு பக்கம் அடிப்பிடித்த பால்.
மறுபக்கம் இப்போதுதான் கழுவி வைத்த தட்டு.
ஐப்பசி. சோளகம் போய்விட்டது,
வாடை இன்னும் வந்து சேரவில்லை,
காற்றுக்கே ஒரு முடிவு இல்லை.

நாற்பது வீதம் என்கிறது போன்.
நாற்பது வீதமென்றால் என்ன என்று கேட்கிறாள் சத்தியவதனி.
நூறு பேர் போனால் நாற்பது பேர் நனைவதா,
ஒவ்வொருவரும் நாற்பது வீதம் நனைவதா?
வங்கியில் வட்டிக் கணக்குப் பார்க்கிறவள்.
பகிடிக்குக் கேட்கவில்லை.

குணாளன் நக்கிள்ஸ் மலைமுகட்டில் நடந்தவன்,
ஒரே ஒரு முறை.
எங்களுக்கு அதைப் பதினாறு முறை நடந்து காட்டியிருக்கிறான்.
இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு பாதை,
ஒதுங்க ஒரு மரமில்லை.
"இதுவும் அதுதான். பள்ளத்துக்குப் பதிலாக் கடல்."
அவன் காட்டிய கடலில்
சிறகுவலைத் தடிகளுக்கு நடுவே ஒருவர்
முழங்காலளவில் நின்று நண்டு கழற்றுகிறார்.

ஆனாலும் பாலம் நீளம்.
புங்குடுதீவு அங்கே ஒரு பென்சில் கோடு.
இந்த நீளத்தில்
மின்கம்பங்களுக்கு அடுத்தபடி
நாங்கள்தான் உயரம்.
மலையே இல்லாத ஊரில்
நிமிர்ந்து நிற்கிற ஆள்தான் சிகரம்;
இடிக்கு அது தெரியும்.

"பத்தரைக்கு எங்க நிண்டாலும் திரும்பவேணும்,
வாக்குவாதம் இல்லை" என்றான் குணாளன்.
ஓமென்றோம்.
ஓமென்பது கரையில் சுலபம்.

குறிகட்டுவான் பஸ் எங்களைக் கடந்தது.
மிதிபலகையில் மூவர், மடியில் ஒரு பை வெங்காயம்,
ரியூசன் கொப்பியால் தலையை மறைத்த பெடியன்.
யாரும் வானத்தைப் பார்க்கவில்லை.
அவர்களுக்கு இது போவதா விடுவதா இல்லை,
ஞாயிற்றுக்கிழமை.
எனக்குக் கொஞ்சம் வெட்கமாயிருந்தது,
சப்பாத்துக் கயிற்றைத் திரும்பவும் கட்டுவதுபோல் குனிந்தேன்.

நடந்தோம்.
காற்று இடமிருந்து வந்தது, பிறகு வலமிருந்து,
பிறகு இல்லை.
அந்த இல்லைதான் பிடிக்கவில்லை எனக்கு.
தண்ணீர் ஈயநிறமாகி அசையாமல் கிடந்தது.
தெற்கே, சத்தமில்லாமல், வானம் ஒருதரம் கண்சிமிட்டியது.
எண்ணினேன்:
பதினெட்டு, பத்தொன்பது, இருபது.
யாரோ தூரத்தில் தகரம் இழுத்தார்கள்.

பத்து இருபத்திரண்டு.
பென்சில் கோட்டில் இப்போது பனைகள் தனித்தனியாய்த் தெரிந்தன,
எண்ணலாம்போல.
"இன்னும் எட்டு நிமிசம் இருக்கு" என்றாள் வதனி.
"பாதிக்கு மேல வந்திட்டம். திரும்புற தூரமும் போற தூரமும்
இனி ஒண்டுதான்."
கணக்குச் சரி.
குணாளன் என்னைப் பார்த்தான்,
மலைமுகட்டில் அவனை யாரும் இப்படிக் கேட்டிருக்கவில்லை போலும்.

திரும்புவம் என்றது என் வாய்.
நான் அதை யோசித்திருக்கவில்லை.

வந்த வழியே வந்தோம், பேச்சில்லை.
முதுகில் ஒவ்வொரு துளியையும் எதிர்பார்த்தேன்.
ஒன்று விழவில்லை.
நண்டுக்காரர் தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்துவிட்டு
மறுபடி வலைக்குள் குனிந்தார்.
சைக்கிளடிக்கு வரும்போது நல்ல வெயில்.
புங்குடுதீவு பக்கம்
துடைத்து வைத்ததுபோல் நீலம்.

வதனி பூட்டைத் திறக்க இரண்டுதரம் முயன்றாள்.
"அறுபது வீதம்" என்றாள், என்னைப் பாராமல்.

மூன்று நாளாய் வானத்தை எட்டிப் பார்க்கிறேன்,
அந்த மழை வேறெங்காவது பெய்ததா என்று.
பெய்திருந்தால்
ஒரு போன் அடிக்கலாம்.