கீழ்நோக்கு நாள்

திண்டுக்கல் எலும்புக் கிட்டங்கியில்
நாற்பது பசுக்கொம்பு கேட்டேன்.
கன்று ஈன்றதாக இருக்க வேண்டும் என்றேன்.
சிக்கந்தர் பாய் ஒரு கொம்பை எடுத்து
அடிப்பாகத்தை என் கட்டைவிரலில் உரசினார்.
"வளையத்தை எண்ணிக்கோங்க.
ஒரு வளையம், ஒரு கன்று."
ஐந்து பெற்றவள் ஒருத்தி அதில் இருந்தாள்.

பூம்பாறை பஸ்ஸில் மூட்டைக்கு லக்கேஜ் போட்ட கண்டக்டர்
பிரித்துப் பார்த்துவிட்டு
சீட்டில் பூண்டு என்று எழுதினார்.

இலையுதிர் காலத்தில் புதை,
வசந்தத்தில் தோண்டு என்கிறது புத்தகம்.
ஆறாயிரத்து முந்நூறு அடியில்
இலை தன் இஷ்டத்துக்கு உதிர்கிறது.
பக்கத்துப் பூண்டு வயல் குழந்தைவேலு மன்னாடி
நாள்காட்டித் தாளைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்:
"ஐப்பசி பதினொண்ணு. கீழ்நோக்கு நாள்.
மண்ணுக்குள்ள போறதெல்லாம் அன்னைக்கு."

சாணம் அடைத்து, வாய் கீழே பார்க்க
வரிசையாகப் புதைத்தோம்.
"கிழங்கு இறங்குமா?" என்றார்,
சிரிக்காமல்.

பங்குனியில் முப்பத்தொன்பதுதான் கிடைத்தது.
ஒன்றைப் பன்றி கொண்டுபோயிருக்கும்.
உள்ளே சாண வாடை இல்லை.
மழை விட்ட சோலைக்குள்
காலை வைத்ததும் வருமே, அது இருந்தது.

பதினொரு வருடம் ரத்த வங்கியில்
குழாய்களைச் சுழலவிட்டவள் நான்.
சுற்றினால் கனமானது அடிக்குப் போகும்,
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த அறிவியல்.
இங்கே ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்து
ஒரு மணி நேரம் சுற்ற வேண்டும்.
நடுவில் குழி விழுந்ததும் கலைத்துவிட்டு
எதிர்ப்பக்கம்.
மறுபடி குழி. மறுபடி கலை.
இதையெல்லாம் நம்புகிறாயா என்று
தங்கை போனில் கேட்டாள்.
தோள் வலிக்கிறது என்றேன்.

கம்பத்துப் பன்னீர் திராட்சை
நாலு மாதத்தில் பழுத்துவிடும்.
சிரா ஆறு மாதம் யோசிக்கும்.
அந்த யோசனைக்குள்
உறைபனி இரண்டு முறை வந்தது.
காட்டுமாடு ஒன்று
பதினான்காம் வரிசையை நெஞ்சால் சாய்த்துவிட்டு
ஒரு பழம்கூடத் தின்னாமல் போனது.

அடுத்த சித்திரையில் பறித்தோம்.
சின்னச் சின்னதாய், நாவல் நிறத்தில்,
தோல்மேல் பூத்த சாம்பலோடு.
ஈஸ்ட் வாங்கவில்லை, அந்தச் சாம்பல்தான்.
மிதித்து மூடி வைத்த தொட்டி
நாலு நாள் குளிரில் வாய் திறக்கவில்லை.
மன்னவனூர்க் கம்பளியைச் சுற்றிக் கட்டினேன்.
ஐந்தாம் நாள் விடியலில்
அரிசி களைந்து போடுவதற்குச் சற்று முன்
உலை பேசும் சத்தம்.

வைகாசியில் ஜீப் வந்தது.
மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் தங்கமாரி
பீப்பாய்மேல் குனிந்து முகர்ந்தார்.
"மிளகு ரசமாம்மா?"
மிளகு போடவில்லை சார்.
"பின்ன?"
பின்னே என்ன சொல்ல.
மிளகு விளைவது தாண்டிக்குடியில்.
இந்தத் தோலுக்குள் அதை ஒளித்து வைத்தது குளிர்.
வாக்குமூலத்தில் குளிர் செல்லாது.

அவர் எழுதினார்:
மிளகு வாசனையுடன் கூடிய சிவப்பு நிறத் திரவம்,
லிட்டர் ஐந்நூற்றுப் பத்து.
இதைவிட ஒழுங்காக
யாரும் அதைச் சொன்னதில்லை.
உரிமக் கோப்பு சென்னையில் இருக்கிறது,
வரும்வரை திறக்கக் கூடாது என்று
கதவுக்கு அரக்கு வைத்தார்.
கை சுட்டுக்கொண்டார்.
மோர் கொடுத்தேன்.

மாசியில் பேரிமரங்கள் வெள்ளையாகிவிட்டன.
கதவில் காதை வைத்தேன்.
உள்ளே, குளிர்காலம் முழுக்கச் செத்துக் கிடந்தது
திரும்பவும் மெல்ல முணுமுணுக்கிறது.
பேரி பூக்கும்போது ஒயினுக்கும் அசைவு வரும் என்று
படித்திருக்கிறேன்.
மன்னாடியும் காதை வைத்துக் கேட்டார்,
சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தார்.
"இன்னைக்கு சமநோக்கு நாள்" என்றார்.
அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.
தண்ணீர் திறக்க நேரமாச்சு என்று போய்விட்டார்.

அரக்கில் மயிரிழை அளவு ஒரு கீறல்.
பனியால் விட்டது, நான் தொடவில்லை என்று
நோட்டில் எழுதிவைத்தேன்,
தேதியும் வெப்பநிலையும் போட்டு.